வானம் பார்த்த படிப்பு

மலர்க் குழு நண்பர்கள் "இந்த ஆண்டு மலருக்கு நீங்களும் ஏதாவது எழுதித் தர வேண்டும்" என்று கேட்டபோது, வழக்கம்போல விடுதிச் சாம்பாரையும் வாத்தியார்களின் பட்டப்பெயர்களையும் பற்றி நாலு பக்கம் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சென்ற ஆண்டு சந்திப்பின்போது நடந்த ஒரு சிறு சம்பவம் குறுக்கே வந்து நின்றுகொண்டது.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி வந்தாள். குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமம்.

"சார், நீங்களும் குத்தாலந்தானாமே? பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடிச்சுட்டு வானிலை ஆராய்ச்சிப் பக்கம் போக முடியுங்களா? அப்பாகிட்ட கேட்டா, 'மழை வருமா வராதான்னு சொல்றதுக்கெல்லாம் ஒரு படிப்பா? பேசாம பி.எட். சேரு'ங்கறாங்க."

என்னிடம் ஏன் கேட்டாள் என்றால், அன்று மேடையில் என்னை அறிமுகப்படுத்திய நண்பர், "இவர் வங்கியில் வேலை பார்த்தாலும் வீட்டு மாடியில் மழைமானி வைத்துப் பல வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர்" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டார். உண்மைதான். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "பார்க்கலாம்மா" என்று மழுப்பி அனுப்பிவிட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். இருநூறு வருஷத்துக் கதை.

இரண்டு மழையின் ஊர்

குத்தாலத்துக்காரனுக்கு வானம் ஒன்று, மழை இரண்டு. ஒரு மழை நம் கண்ணில் படாமல் குடகு மலையில் பெய்கிறது. அது ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழை. அந்தத் தண்ணீர் மேட்டூரில் தேங்கி, திறந்துவிட்ட பிறகு கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்கு வந்து சேர வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு, அணை திறக்க ஜூன் 12 என்று ஒரு நாளும் வழக்கத்துக்கு வந்தது. குறுவை அதை நம்பித்தான்.

இன்னொரு மழை நம் தலைமேலேயே பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில்தான். கடலோர டெல்டாவில் பாதிக்கும் மேலே. சம்பாவும் தாளடியும் இதை நம்பி. வந்தாலும் வம்பு, வராவிட்டாலும் வம்பு.

ஒரு சின்னக் கணக்கு. நம் பக்கத்தில் ஒரு வேலிக்கு இருபது மா. ஒரு மா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். ஒரு மா நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுந்த தண்ணீர் சுமார் 13,500 லிட்டர். 2022 நவம்பரில் நம் மாவட்டத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படியானால் ஒரு மாவுக்கு ஆறு லட்சம் லிட்டர்! எந்த வடிகால் தாங்கும்? 'மழை வருமா வராதா' என்பது திண்ணைப் பேச்சல்ல, சோற்றுக் கணக்கு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து அந்தக் கணக்கைப் படிக்கப் போகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான் என் கேள்வி.

நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூண்

சென்னையில் "ரமணன் சார் லீவு சொல்லிட்டாரா?" என்று பள்ளிப் பிள்ளைகள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 2016-இல் ஓய்வு பெற்ற எஸ்.ஆர். ரமணன் பேசிய அந்த அலுவலகம் இருப்பது நுங்கம்பாக்கத்தில். அந்த வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. அதில் 1792 என்ற ஆண்டும், தமிழ் உட்படப் பல மொழிகளில் வாசகமும் வெட்டப்பட்டிருக்கின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டியது வானிலை நிலையம் அல்ல, நட்சத்திரம் பார்க்கும் வானாய்வுக்கூடம். கப்பலோட்டவும் நிலம் அளக்கவும் அவர்களுக்கு நட்சத்திரக் கணக்கு வேண்டியிருந்தது. முதலில் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786-இல் சொந்தமாக நடத்தி வந்ததை, மைக்கேல் டாப்பிங் முயற்சியில் நுங்கம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் வெப்பம், காற்றழுத்தம் என்று தினசரிக் கணக்கும் எழுத ஆரம்பித்தார். நட்சத்திரம் பார்க்க வந்தவர்கள் பகல் நேரத்தில் எழுதி வைத்த கணக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம். இன்று சென்னையின் மழைக்கு இருநூறு ஆண்டுப் பதிவு இருக்கிறதென்றால் அதற்கு அந்தக் குறிப்பேடுகளே மூலம்.

இங்கே தம்பி தங்கைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானிலை என்ற படிப்பு பிறப்பதற்கு முன்னாலேயே வானிலைக் கணக்கு பிறந்துவிட்டது. வேறு எதையோ படித்தவர்கள்தான் அதை எழுதினார்கள். இந்தக் கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

பஞ்சம் கேட்ட கேள்வி

1864-இல் கல்கத்தாவை ஒரு பெரும்புயல் அடித்தது. அதையடுத்து 1866-இல் ஒரிசாவில் பஞ்சம். இவற்றுக்குப் பிறகே, நாடு முழுவதும் சிதறிக் கிடந்த கணக்குகளை ஒன்று சேர்க்க 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாயிற்று. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அவர் படித்தது என்ன? மண்ணியல். இந்தியாவுக்கு வந்தது பாறைகளை ஆராய! பிறகு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தி, அங்கிருந்து வானிலைக்கு வந்தவர்.

துறை தொடங்கிய மறு ஆண்டே சென்னை மாகாணத்தில் 'தாது வருஷப் பஞ்சம்' தொடங்கிவிட்டது. 1876 முதல் 1878 வரை. நம் பாட்டிமார் வாயில் அந்தப் பெயர் வெகுகாலம் இருந்தது. காவிரிப் பாசனம் இருந்த தஞ்சாவூர்ச் சீமை ஓரளவு தப்பியது. வானம் பார்த்த சீமைகளில் லட்சக்கணக்கான உயிர்கள் போயின. 'பருவமழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே அறிய முடியாதா?' என்று அரசு கேட்டது. பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியை வைத்து ஒரு கணக்குப் போட்டார். பனி அதிகம் விழுந்த ஆண்டில் மழை குறையும் என்று கண்டு, 1880களில் பருவமழைக்கு முன்னறிவிப்பும் கொடுத்துப் பார்த்தார்.

வேறு சிலர் சூரியனைப் பார்த்தார்கள். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. சூரியனைத் தினமும் பார்க்க மேகமும் தூசியும் குறைந்த மலை வேண்டும் என்று தேடிக் கோடைக்கானலைப் பிடித்தார்கள். 1899-இல் அங்கே வானாய்வுக்கூடம் வந்தது. இடத்தைத் தேடிப் பிடித்து நடத்தியவர் மிச்சி ஸ்மித். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். இன்று கோடைக்குச் சுற்றுலா போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வரும் அந்த இடம் 1971 வரை வானிலைத் துறையின் கையில்தான் இருந்தது. மழையின் ரகசியம் அங்கே அகப்படவில்லை. ஆனால் கரும்புள்ளிகளில் வாயு எப்படி வெளிப்புறமாக ஓடுகிறது என்பதை எவர்ஷெட் 1909-இல் அங்கேதான் கண்டுபிடித்தார். கிணறு வெட்டப் போய்ப் புதையல் கிடைத்த கதை.

வானிலைத் தலைவரும் கும்பகோணத்துப் பையனும்

குத்தாலத்தில் ரயில் ஏறினால் நரசிங்கன்பேட்டை, ஆடுதுறை, திருவிடைமருதூர், அப்புறம் கும்பகோணம். அந்தக் கும்பகோணத்து அரசுக் கல்லூரியில் 1904-இல் சேர்ந்து, கணக்கு தவிர மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்த ஒரு மாணவரை நம் எல்லோருக்கும் தெரியும்: சீனிவாச ராமானுஜன். அவருக்கும் வானிலைத் துறைக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1904 முதல் 1924 வரை துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். வானிலை படித்தவரே அல்ல! 1913 பிப்ரவரியில் வேலை நிமித்தமாகச் சென்னைக்கு வந்த அவரிடம், துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம்மிடம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்க்கும் பையனின் கணக்கு நோட்டைக் காட்டினார். பார்த்த மறுநாளே, பிப்ரவரி 26 அன்று, வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். சில ஆண்டுகளாவது இவர் பிழைப்புக் கவலையில்லாமல் கணிதத்தில் ஈடுபட வழி செய்ய வேண்டும் என்பது சாரம். பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. பட்டம் இல்லாத ஒருவருக்கு! அதன் பிறகு நடந்தது உலகறிந்த கதை.

அதே வாக்கர் தம் அலுவலகத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? உலகம் முழுவதிலுமிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழைக் கணக்குகளை வரவழைத்து, குமாஸ்தாக்கள் கூட்டத்தை உட்கார வைத்து, எதற்கும் எதற்கும் உறவு என்று கையாலேயே கணக்குப் போட வைத்தார். கம்ப்யூட்டர் ஏது அப்போது? அந்தப் பெருங்கணக்கிலிருந்து 1920களில் ஒரு விஷயம் தெளிந்தது. பசிபிக் பெருங்கடலின் தென்கிழக்குப் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது; அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. ஏற்றக்காரன் முன்னும் பின்னும் நடக்க ஏற்றம் ஏறி இறங்குமே, அதுபோல. 'தென்னக அலைவு' என்று அதற்குப் பெயர். 1960களில் யாக்கோப் பியர்க்னெஸ் இதைப் பசிபிக் கடல் சூடேறும் 'எல் நினோ'வோடு இணைத்துக் காட்டினார்.

இதனால் குத்தாலத்துக்கு என்ன என்கிறீர்களா? எல் நினோ ஆண்டில் நாட்டின் தென்மேற்கு மழை பெரும்பாலும் குறையும். நம் வடகிழக்கு மழையோ பெரும்பாலும் கூடும். எப்போதும் அல்ல, பெரும்பாலும். 2015-இல் எல் நினோ வலுவாக இருந்தது. தென்மேற்கு மழை குறைந்தது. டிசம்பரில் சென்னை மூழ்கியது. மறு ஆண்டு அது போய் எதிர்நிலை வந்தது. 2016 வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வழக்கத்தைவிட 62 சதவீதம் மழை குறைவு. அந்த ஆண்டு டெல்டா வயல்கள் வெடித்துக் கிடந்ததை நேரில் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். நம் வயலின் தலையெழுத்தில் ஒரு வரி பசிபிக் கடலில் எழுதப்படுகிறது என்று முதலில் மோப்பம் பிடித்தவர், கும்பகோணத்துப் பையனுக்குக் கதவு திறந்துவிட்ட அதே மனிதர்தான்.

நம் கல்லூரிகளிலிருந்து போனவர்கள்

சரி, வெள்ளைக்காரர் கதை போதும். நம்மவர்கள்?

பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே.ஆர். இராமநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்து, சி.வி. இராமனோடு ஆராய்ச்சி செய்து, 1925-இல் வானிலைத் துறைக்கு வந்தார். மேல் வளிமண்டலமும் ஓசோனும் அவர் துறை. உலக வானிலை அறிஞர்களின் சங்கத்துக்கே தலைவராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர்.

எல்.ஏ. இராமதாஸ். இவரும் பாலக்காட்டுக்காரர், இவரும் இராமனின் மாணவர். புனாவில் 1932-இல் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கியபோது அதை நடத்தியவர். காற்றில்லாத இரவில் தரைதான் மிகவும் குளிர்ந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, 'இல்லை, தரைக்குக் கொஞ்சம் மேலே உள்ள காற்றுத்தான் அதைவிடக் குளிர்ச்சி' என்று வெப்பமானி வைத்துக் காட்டினார். முதலில் உலகம் நம்பவில்லை. இன்று அதற்கு 'இராமதாஸ் அடுக்கு' என்றே பெயர். பயிரின் உயரத்தில் நின்று வானிலையைப் பார்த்த மனிதர் அவர். டெல்டாப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர்.

பி.ஆர். பிஷாரடி, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். 1942-இல் வானிலைத் துறைக்குப் போனார். 1962-இல் புனாவில் வெப்பமண்டல வானிலைக்கென்று தனி ஆராய்ச்சி நிறுவனம் வந்தபோது அதற்கு முதல் இயக்குநர். பிற்காலத்தில் வானத்திலிருந்து பயிர்களைப் படம் பிடித்து நோய் கண்டுபிடிக்கும் தொலையுணர்வுக் கலைக்கு இந்தியாவில் தந்தை என்று பெயரெடுத்தார்.

அன்னா மணியின் கதையை மாணவிகள் அவசியம் படிக்க வேண்டும். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். 1939-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், வேதியியல் ஆனர்ஸ். பெங்களூரில் இராமனிடம் சேர்ந்து வைரம், மாணிக்கம் பற்றி ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். ஆனால் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. மேற்கொண்டு இயற்பியல் படிக்க 1945-இல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனால், அங்கே கிடைத்த இடம் வானிலைக் கருவிகளில் பயிற்சி! அம்மணி மனம் உடையவில்லை. அதையே படித்துக்கொண்டு 1948-இல் புனாவில் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய, ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்தார். ஓசோனை அளக்கும் கருவியை உருவாக்கினார். நாட்டில் எந்த ஊரில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று அவர் தொகுத்த நூல்கள் 1980, 1981-இல் வந்தன. காற்றுக் கணக்கையும் தொகுத்தார். இன்று தமிழ்நாட்டில் சுழலும் காற்றாலைகளுக்கும் கூரைமேல் பளபளக்கும் சூரியத் தகடுகளுக்கும் அடியில் அந்த அம்மாளின் உழைப்பு இருக்கிறது என்றால் மிகையாகாது. துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு, 2001-இல் மறைவு.

இன்னும் பக்கத்தில் வருவோம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் பொறியியல் பட்டம் வாங்கிய வீ. இராமநாதன், முதலில் வேலை பார்த்தது குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில். பெட்டியிலிருந்து வாயு கசிவதை நிறுத்துவது அவர் தலைவலி. பிறகு அமெரிக்கா போய் வளிமண்டலம் படித்து, அதே வாயு வானத்துக்குப் போனால் பூமியைக் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவாகச் சூடேற்றும் என்று 1975-இல் உலகுக்குச் சொன்னார். புவி வெப்பமாதல் என்று இன்று எல்லோரும் பேசுகிறோமே, அதன் பெரிய பெயர்களில் ஒன்று கொள்ளிடக் கரைக்கு அப்பால் படித்த பெயர்.

மண்ணியல்காரர், கணக்கு மேதை, கல்லூரி வாத்தியார், வைரம் ஆராய்ந்த பெண்மணி, குளிர்பெட்டி இன்ஜினீயர்! ஒருவராவது முதல் பட்டத்திலேயே வானிலை படித்தாரா? இல்லை. அடிப்படைப் பாடத்தை ஒழுங்காகப் படித்தார்கள். வானம் கூப்பிட்டபோது போனார்கள்.

1977: அவிழ்க்காத கயிறு

1977 நவம்பர் 11 இரவு. தீபாவளிப் பட்சணம் தீரவில்லை. நான் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. வங்கக் கடலில் புயல், நாகப்பட்டினம் பக்கம் கரை கடக்கும் என்ற செய்தி ரேடியோவில் வந்தது. தாத்தா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நாகப்பட்டினத்துக்குத்தானே சொல்றான், நமக்கென்ன?" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். பிசிக்ஸ் படிக்கிற பேரன் நானும் பக்கத்தில்தான் இருந்தேன். புயல் என்பது ஒரு புள்ளியல்ல, அதன் கை நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் என்று எனக்கும் தோன்றவில்லை.

விடியற்காலையில் காற்று ஊளையிட்டது. கொல்லையில் தென்னைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மாட்டுக் கொட்டகைச் சுவர் சரிந்து, முளையில் கட்டியிருந்த பசுவும் கன்றும் போய்விட்டன. முதல் நாளே கயிற்றை அவிழ்த்துத் தொழுவை விட்டு வெளியே விட்டிருந்தால் பிழைத்திருக்கும். நட்டு இருபது நாள்கூட ஆகாத தாளடி, தண்ணீருக்கடியில். அப்பா வரப்பில் நின்ற நிலை இன்னும் கண்ணில் நிற்கிறது. நம் ஜில்லாவில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் என்று பிறகு தெரிந்தபோது, பசுவுக்காக அழுததற்கு நானே வெட்கப்பட்டேன். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திரத் திவிசீமையில் வந்த புயலில் போனவர்கள் பத்தாயிரம் பேர்.

41 வருஷம் கழித்து 2018 நவம்பர் 16-இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. இடையில் எவ்வளவோ மாறியிருந்தது. 1983-இல் இன்சாட் 1பி மேலே போய் மேகத்தைப் படம் பிடிக்க ஆரம்பித்தது. கடலோரத்தில் ராடார்கள் வந்தன. சென்னையில் 2002-இல் டாப்ளர் ராடார். பிறகு நம் காரைக்காலிலும். வானிலைச் சமன்பாடுகளைத் தீர்க்கவென்றே 1980களின் கடைசியில் டில்லிக்குச் சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. கஜா எங்கே, எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. கடலோர மக்களைப் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றினார்கள். அப்படியும் உயிர்கள் போயின, ஆனால் 1977 போல அல்ல. தென்னைகளை மட்டும் எந்த முகாமுக்கும் கூட்டிப் போக முடியவில்லை.

இதில் நான் கற்றது ஒன்று. செய்தி வருவது வேறு. அது மாட்டுக் கயிற்றை அவிழ்க்கும் அளவுக்கு நம்மைத் தொடுவது வேறு. நடுவில் ஒரு ஆள் வேண்டும். ராடார் படத்தையும் படிக்கத் தெரிந்து, தாளடி எத்தனை நாள் தண்ணீருக்குள் தாங்கும் என்பதும் தெரிந்த ஆள். அந்த ஆள் நம் பக்கத்துப் பிள்ளையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

படிக்க விரும்பும் தம்பி, தங்கைக்கு

இப்போது நேரான பதில். போக முடியும். இயற்பியல், கணிதம் இரண்டும் கையில் இருந்தால் கதவு திறந்தே இருக்கிறது.

முதுநிலைக்கு: கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் வானிலையியல் உண்டு. ஆந்திராவில் 1950களிலேயே இந்தப் படிப்பு இருந்தது. டில்லி ஐ.ஐ.டி.யில் 1979-லும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1982-லும் வளிமண்டல அறிவியலுக்குத் தனி மையங்கள் வந்தன. எம்.எஸ்ஸி. முடித்து, 'கேட்' தேர்வெழுதி எம்.டெக். சேரலாம்; நேரே ஆராய்ச்சிக்கும் போகலாம். புனா நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவர்களை எடுக்கிறார்கள். வேளாண்மை படித்தவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் வானிலை இருக்கிறது.

பட்டத்தோடு வேலைக்கு: மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையம் வானிலைத் துறைக்கு அறிவியல் உதவியாளர்களை எடுக்க 2017-லும் 2022-லும் தேர்வு நடத்தியது. முதல் தடவை ஆயிரத்துக்கும் மேல், இரண்டாம் தடவை 990 இடங்கள். இயற்பியலை ஒரு பாடமாகப் படித்து முதல் வகுப்பு வாங்கியவர்கள் எழுதலாம் என்றிருந்தது. ஆண்டுதோறும் வரும் தேர்வு அல்ல இது. ஆகையால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே மேலே படிக்க வேண்டும். விமானப் படை, கடற்படை, காற்றாலை, பயிர்க் காப்பீடு என்று வேறு வாசல்களும் உண்டு.

வேலை சொகுசு என்று நினைத்து வராதீர்கள். காலை எட்டரை மணி மழைக்கணக்கு தீபாவளியன்றும் எட்டரை மணிதான். பெரிய நிலையங்களில் மூன்று மணிக்கொரு தரம், இராத்திரியானாலும், வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானிகளைப் படிக்க வேண்டும். அதில் ஒன்றுக்கு ஈரத்துணி சுற்றியிருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ அதே காரணத்தால் அது குறைவாகக் காட்டும். எவ்வளவு குறைவோ, அதிலிருந்து காற்றின் ஈரப்பதம் தெரியும். வகுப்பில் வெப்ப இயக்கவியலைத் தூக்கத்தோடு கேட்டவர்களுக்கு அந்தப் பெட்டி முன்னால்தான் விழிப்பு வரும். வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வகைக்கெழுச் சமன்பாடு, புள்ளியியல், கொஞ்சம் கம்ப்யூட்டர் நிரல். இந்த ஐந்தையும் இப்போதே அழுத்தமாகப் படியுங்கள். மிச்சத்தை அங்கே சொல்லித் தருவார்கள்.

நான் மழுப்பிய காரணம்

1980 வாக்கில் வானிலைத் துறை வேலைக்கு ஒரு விளம்பரம் வந்தது. பசு செத்த ஞாபகம் மனசில் இருந்ததால் ஆசையாக விண்ணப்பம் பூர்த்தி செய்தேன். அதே வாரம் வங்கித் தேர்வுக்கும் அழைப்பு. "மழை ஆபீஸ் ஒரு வேலையாடா? நாளைக்கு ஊர்ல எவனாவது மதிப்பானா?" என்றார்கள் வீட்டில். அவர்கள் மேல் தப்பில்லை. தாளடி போன வருஷத்துக் கடன் தீராமல் இருந்தது. விண்ணப்பத்தை நான் தபாலில் போடவில்லை. வங்கி எனக்குச் சோறு போட்டது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது, குறையில்லை. ஆனால் மாடியில் மழைமானி வைத்த நாளிலிருந்து, ஒவ்வொரு ஐப்பசிக் காலையிலும் எட்டரை மணிக்கு அதிலிருந்து தண்ணீரை ஊற்றி அளக்கும்போது, போடாத அந்தக் கடிதம் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

அந்தப் பெண் கேட்டபோது அவள் அப்பாவின் குரலில் என் வீட்டுக் குரல் கேட்டது. வாய் அடைத்துவிட்டது. அதுதான் காரணம்.

ஆகவே, அம்மா, இந்த மலர் உன் கைக்கு வந்தால் இதை அப்பாவிடம் காட்டு. பி.எட். நல்ல படிப்புதான், வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'மழையைச் சொல்ல ஒரு படிப்பா?' என்று அவர் கேட்டதற்கு, ஆமாம், இருநூறு வருஷமாக நம்மைப் போன்ற கல்லூரிகளின் இயற்பியல் வகுப்பிலிருந்து பெரிய மனிதர்கள் போய்ச் சேர்ந்த படிப்பு என்று சொல். ஊரிலேயே அந்தப் படிப்பால் அதிகம் பிழைக்கப் போகிறவர் அவரைப் போன்ற விவசாயிதான் என்றும் சொல்.

என் மழை நோட்டுகளை இந்தச் சந்திப்பின்போது இயற்பியல் துறையில் ஒப்படைக்கிறேன். மழைமானியையும் கொண்டுவருகிறேன். கல்லூரி மாடியில் வைத்து, தினமும் எட்டரை மணிக்கு ஒரு மாணவர் முறை போட்டு அளந்தால் போதும். நூறு வருஷம் கழித்து யாராவது கணக்குப் பார்ப்பார்கள். விண்ணப்பம் எழுதும்போது என்னைக் கூப்பிடம்மா. தபால் பெட்டிவரை நானும் கூட வருகிறேன்.